வெற்றுக் கட்டங்கள்

ஏழே காலுக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
நாற்பத்தெட்டாம் தெருவின் அழுக்குப் பனியை மிதித்து
அரங்கின் பின்கதவில் தொங்கும் தாளில்
ஒரு கிறுக்கல்:
ஹெஸ்டர் லூமிஸ், வயோலா, வந்தாயிற்று.

குழியில் இருபத்துநான்கு பேர் என்கிறது
சங்கத்து ஒப்பந்தம்.
இருபது போதும், மிச்சத்துக்கு
ஒரு சிந்தசைசர் என்கிறார் தயாரிப்பாளர்.
வழக்கில் இருவருமே ஜெயித்தார்கள்.
அதனால் நாங்கள் நால்வர்
நியூயார்க் நகரத்தில்
வாசிக்காமலிருக்கச் சம்பளம் வாங்குகிறோம்.

குழிக்கு நேர் கீழே கொதிகலன் அறை.
மடக்கு மேசை, சீட்டுக்கட்டு,
காபி ஆறிப்போன காகிதக் கோப்பைகள்.
செல்லோ மிர்யம் காஸ்னர் கள்ளாட்டம் ஆடுவாள்.
பசூன் டூலிக்கு அது தெரியும்,
சொல்லமாட்டார், அவளிடம் தோற்பது
அவருக்குப் பிடித்திருக்கிறது.
பிரெஞ்சு ஹார்ன் பாஸ்கோன் வரிப் படிவம் நிரப்புகிறார்.
தொழில் என்ற கட்டத்தில்
மூன்று நாளாகப் பேனா நிற்கிறது.

தங்கை டேட்டனிலிருந்து கூப்பிட்டுக் கேட்பாள்,
இன்றைக்கு எப்படி வாசித்தாய் என்று.
ஒரு பிசகும் இல்லை என்பேன்.

மேலே லோரன் ஸ்டபின்ஸ்
இடது கையால் மிர்யமை அழுத்துகிறாள்,
வலது கையால் என்னை,
கால்மிதியால் டூலியை.
பாஸ்கோனுக்கு ஒரு பொத்தான்.
முதல் மாதம் அவளோடு யாரும் பேசவில்லை.
இரண்டாம் மாதம் இடைவேளையில் இறங்கி வந்தாள்,
வீங்கிய மணிக்கட்டில்
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக் கட்டியபடி.
நாலு பேர் வேலை, ஒரு ஆள் கூலி என்றாள்.
டூலி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.
மிர்யம் அவளையும் ஏமாற்றினாள்.
அப்படித்தான் சமாதானம் ஆனது.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
இரண்டாம் அங்கம், விதவையின் பாட்டு.
கூரை வழியே எப்போதும் இறங்கும் அதிர்வில்
திடீரென்று ஓர் ஓட்டை.
இருபது பேர் நிற்காமல் போனார்கள்,
நாலு பல் விழுந்த வாயால் சிரிப்பதுபோல.
கருவி செத்துவிட்டது என்றார் டூலி.
யாரும் சிரிக்கவில்லை.
நான் இல்லாத இடம்
இத்தனை துல்லியமாக, என் அளவுக்கே வெட்டியதுபோல்
இருக்குமென்று நினைத்ததில்லை.

இசைத்தாளில் வெற்றுக் கட்டங்கள் வரும்.
ஓய்வு என்று பெயர்.
ஓய்வில் இருப்பவர் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்,
இல்லாவிட்டால் திரும்ப நுழைய முடியாது.
பாஸ்கோன் ஒருமுறை நூற்றுப்பன்னிரண்டு கட்டம் எண்ணி
ஒரே ஒரு சுரம் ஊதிவிட்டு
வீட்டுக்குப் போனவர்.

சீட்டுகள் கையில் விரிந்தபடி நிற்க
கொதிகலன் ஏதோ முணுமுணுக்க
நாங்கள் எண்ணினோம்.
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டின் கடைசித் தட்டில்
நாலு பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தோம்.
என் முழங்கை தானாக உயர்ந்தது.
டூலியின் உதடுகள்
இல்லாத நாணலைக் கவ்வின.

அரைத் தட்டு பிந்தி
மேலே திரும்ப வந்தோம்,
லோரன் எதையோ பிடுங்கி
எதையோ சொருகியிருக்கவேண்டும்.
பாட்டு முடிந்தது.
கைதட்டல் நேற்றைக்கு இருந்த அதே நீளம்.

பாஸ்கோன் குனிந்து கட்டத்தில் ஏதோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
மேசையில் கிடந்த சீட்டுகளில்
ஒன்று மாறியிருந்தது.
மிர்யம், என்றேன்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்றாள்,
ஒரு கையால்.